பத்தடி தள்ளிக் கட்டிய குவியல்

1.
இந்தக் கதை ஒரு கற்குவியலில் இருந்து வந்தது. மலைப்பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் யாரோ வழி காட்ட அடுக்கி வைத்த, இடுப்புயரக் குவியல். அது எந்தப் பாதையோரம் நிற்கிறதோ அந்தப் பாதையில் போக வேண்டும். கதையில் ஒரு கொத்தனார் வருகிறார். அது நான்தானா என்று கேட்காதீர்கள். கேட்டால் கை நின்றுவிடும்.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மூடுபனி மலையை மெல்லத் தழுவி—’

(வேண்டாம். பனி தழுவவில்லை. வந்தது, கண்ணை மறைத்தது, அவ்வளவுதான்.)

ஞாயிறுதோறும் பதினோரு பேர் மலை நடக்கப் போவார்கள். கூட்டிப்போகிறவர் கொத்தனாரின் அக்கா புருஷன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு திருப்பத்தைக்கூடத் தவறவிட்டதில்லை என்பது அவருக்குப் பெருமை, அக்காவுக்குத் தலைவலி. அன்று முழங்கால் வலியால் கடைசி ஆளாகத் தனியே பின்தங்கினார்.

“என்ன மாமா, பஸ் பஞ்சரா?”

“நீ போ மாப்ளே. வண்டி டிப்போவுக்கு வந்து சேர்ந்துடும்.”

3.
பிரிவில் குவியல் சாய்ந்து நின்றது. மற்றவர்கள் பார்த்துவிட்டு நடந்தார்கள். கொத்தனாரால் முடியவில்லை. கோணல் சுவருக்குப் பக்கத்தில் நின்று டீகூடக் குடிக்காத ஆள். பிரித்தார். அடிமண் இளகிக் கிடந்தது. பத்தடி தள்ளிக் கெட்டிப் பாறை. அதன்மேல் பெரிய கல்லை அடியில் போட்டு, இடுக்குக்குச் சில்லு கொடுத்துக் கட்டி முடித்தார். அழகாக நின்றது. தப்பான பாதையோரம் நின்றது. அவர் கல்லைப் பார்த்தார், பாதையைப் பார்க்கவில்லை. மாமாவுக்குக் காத்திராமல், முன்னே போனவர்களைப் பிடிக்க ஓடினார்.

(நடந்து பழகிய மாமாவுக்கு வழி தெரியாதா என்பீர்கள். அவர் வருவதற்குள் பனி இறங்கிவிட்டது. தெரிந்தது குவியல் மட்டும்தான். அதை நம்பினார்.)

4.
மூன்று மணி நேரம் தேடி, மறுசரிவில் நனைந்து உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். அடி எதுவும் இல்லை.

“குவியலப் பாத்துத்தான் திரும்பினேன்… அப்படித்தான் நெனைக்கிறேன்.”

கொத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தார். சுற்றிலும் ஒன்பது பேர். மூடிக்கொண்டார்.

மறுநாள் தனியாக ஏறி, குவியலைப் பழைய இடத்திலேயே கட்டிவிட்டு வந்தார். தப்பு சரியாகிவிட்டது என்று நினைத்தார். (நானும் நினைத்தேன். கதையை இங்கேயே முடித்தும் வைத்திருந்தேன்.)

5.
அடுத்த ஞாயிறு மாமா குவியலை வெகுநேரம் பார்த்தார்.

“இருந்த எடத்துலதான் இருக்கு மாப்ளே. என் தலைதான் எடம் மாறிடுச்சு. சாவிய மறந்தப்பவே உங்கக்கா சொன்னா.” கைத்தடியை நீட்டினார். “இனிமே நீ கூட்டிட்டுப் போ. நான் வரல.”

“மாமா, அந்தக் கல்ல” என்று கொத்தனார்

“மாமா, நீங்க பாத்தது” என்று

6.
மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் கொத்தனார் சொல்கிறார், மாமா சிரிக்கிறார். நம்ப முடியவில்லை. இன்னொன்றில் சொல்கிறார், மாமா ஓங்கி அறைகிறார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அறை வாங்கியவன் நிம்மதியாகத் தூங்கிவிடுவான் என்று கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் பேசாமல் தடியை வாங்கிக்கொள்கிறார். அது மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

தடி என் வீட்டுக் கதவோரம் சாய்ந்திருக்கிறது.

மாமா இப்போது கடைக்குப் போகக்கூட வழியைத் தாளில் எழுதி எடுத்துப்போகிறாராம். அக்கா சொன்னாள். நீங்கள் அந்தப் பக்கம் போனால், குவியல் பத்தடி நகர்ந்திருந்தது உண்மைதான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். யார் நகர்த்தியது என்று கேட்பார். அதற்கான பதிலை நான் இதில் எழுதவில்லை.