வெசாக் வாரத்துப் புழுக்கள்

பத்மாவதி அன்டி வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தபோது நான் புழுக்களை அளந்துகொண்டிருந்தேன். சட்டென்று கிண்ணத்தை மூடினேன். "பரவாயில்லை பிள்ளை," என்றார். அவருடைய அண்ணன் தியாகராசாவின் பிணத்தைச் சனிக்கிழமை வெள்ளவத்தை ஃபிளாட்டின் கதவை உடைத்து எடுத்தபோது அதில் இருந்தவையும் இதே இனம்தான்.

பிணத்தில் கிடைத்த புழுவின் நீளத்தை வைத்து இறந்த நாளைக் கணிக்கலாம். எந்த நீளம் வர எத்தனை நாள் என்று ஓர் அட்டவணை வேண்டும், அவ்வளவுதான். அதைத் தயாரிப்பது என் வேலை. மாளிகாவத்தையில் மாட்டீரல் வாங்கிவந்து, அதில் புழு வளர்த்து, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளப்பேன். கல்யாணப் பேச்சு வந்தால் உம்மா இதை 'ஆஸ்பத்திரி வேலை' என்று சொல்லிச் சமாளிப்பார்.

புத்தர் பண்டிகையான வெசாக்குக்கு இறைச்சிக்கடைகள் பூட்டு என்பது கொழும்பில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இந்த வருடம் எனக்கு மறந்துபோனது. ஈரல் முடிந்துவிட்டது, புழுக்களோ பசியில் நெளிகின்றன. வீட்டு ஃப்ரிஜ்ஜில் கிடந்த பாரை மீனைக் கொண்டுவந்து போட்டேன். பதிவேட்டில் உணவு என்ற கட்டத்தில் கை வழக்கம்போல 'ஈரல்' என்று எழுதியது. எதைத் தின்றால் என்ன, வளர்ந்தால் சரி என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். போன கிழமை ஈரலில் மட்டும் வளர்த்துப் பார்த்தேன். நான்கு நாளில் வரும் என்று அட்டவணையில் இருந்த நீளம் மூன்றே நாளில் வந்து நின்றது. மனித உடம்பில் வளர்வதற்கு ஈரல்தான் கிட்ட வரும், மீன் அல்ல.

அப்படியானால் அந்த அட்டவணையை வைத்து நாங்கள் சொன்ன செவ்வாய் பிழை; தியாகராசா இறந்தது புதன். இன்று காலையில், பிரேதப் பரிசோதனை செய்த டொக்டரிடம் ஒப்புக்கொண்டேன். நன்றாக ஏசிவிட்டு, திருத்திய அறிக்கையைக் கோர்ட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார். குடும்பத்துக்கு யார் சொல்வது என்று இருவருமே பேசவில்லை.

அன்டி பையிலிருந்து அச்சகத்தில் கொடுத்த புரூஃபை எடுத்தார். இறந்தவர் நினைவாக முப்பத்தோராம் நாளன்று வருபவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம்.

"நாள் பிழைச்சா திதியும் பிழைச்சுப்போகும். செவ்வாய்தானே எண்டு கேட்டிட்டுப் போவம் எண்டு வந்தனான்."

நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "செவ்வாய் பின்னேரம் நான் போய்க் கதவு தட்டினனான், பிள்ளை. திறக்கேல்ல. என்னோட கோவம் எண்டு நினைச்சுத் திரும்பி வந்திட்டன். அவர் காலமையே செத்திட்டார் எண்டு டொக்டர் சொன்னாப் பிறகுதான் எனக்கு நித்திரை வருது."

தலையாட்டினால் போதும். கோர்ட்டில் இன்னும் செவ்வாய்தான் கிடக்கிறது. ஆனால் என் பிழையால் அந்த மனிதருக்கு வருடா வருடம் பிழையான நாளில் படைக்கப்போகிறார்கள்.

"புதன், அன்டி," என்றேன். "நான்தான் பிழை செஞ்ச. புழுவுக்கு ஈரல் வெக்காம மீன் வெச்சிட்டன். மன்னிச்சிக்கோங்க."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்டி என் பேனாவை எடுத்து, செவ்வாயை வெட்டி, மேலே புதன் என்று எழுதினார். எழுத்து நேராகத்தான் இருந்தது. பிறகு ஐயர் குறித்துக்கொடுத்த திதியையும் வெட்டினார்.

"அவருக்கு முழங்கால் வருத்தம்," என்றார். "எழும்பி வர நேரமெடுக்கும். நான் நிக்கேல்ல."

பேனாவின் மூடியைப் போட்டார். கழற்றினார். திரும்பவும் போட்டார்.