சத்தம் போடாத பேட்ஜ்

தாளை மூன்றாம் முறையும் தராசில் வைத்தாள். அடுப்பில் வைப்பதற்கு முன் குறித்திருந்த அதே எடை.

உலோக உப்பும் கரிம அமிலமும் கலந்த கரைசலில் வடிதாளை ஊறவைத்தால், அதன் நார்களின் மேலேயே நுண்ணிய படிகங்கள் முளைக்கும். ஒவ்வொன்றும் ஒரு தேன்கூடு. உள்ளே முழுக்க அறைகள். காற்றில் அம்மோனியா வந்தால் அந்த அறைகளில் புகுந்து உட்காரும். உடனே தாளில் ஓடும் மின்சாரம் மாறும்; தாளை மாட்டிய, சட்டையில் குத்தும் எச்சரிக்கை பேட்ஜ் கத்தும். ஆனால் முளைக்கும்போதே தண்ணீர் அங்கே குடியேறிவிடும்; அம்மோனியாவுக்கு இடமிருக்காது. வெற்றிட அடுப்பில் சூடாக்கி அதை விரட்ட வேண்டும். விரட்டினால் எடை குறையும்.

இந்தத் தட்டில் இருந்த எந்தத் தாளும் எடை குறையவில்லை. அடுப்புக்குள் போகவே இல்லை. முதல் தட்டுத் தாள்கள் சோதனையில் பேட்ஜை நன்றாகக் கத்த வைத்த தெம்பில், காலை அவசரத்தில், இதிலிருந்துதான் ஒன்றை எடுத்துத் தம்பியின் பேட்ஜில் மாட்டி அனுப்பியிருந்தாள்.

தம்பிக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. அங்கே குழாய்களில் ஓடுவது அம்மோனியா. போன வருடக் காய்ச்சலோடு அவனுக்கு வாசனை தெரிவதே நின்றுபோயிருந்தது.

அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சூப்பர்வைசரை அழைத்தாள்.

"என்னம்மா, தம்பி சாப்பிட்டானான்னு கேக்கவா? உங்க பேட்ஜ் பிரமாதம். காலையிலேருந்து வாயே திறக்கல."

"அதான் சார் பயம்! வாயு வந்தாலும் அது கத்தாது. அவனை உடனே வெளிய கூப்பிடுங்க!"

சிரிப்பு நின்றது. "ஐயோ, வால்வு மாத்தப் போயிருக்கானே!"

அந்தப் பக்கம் போன் மேசையில் விழும் சத்தம். பூட்ஸ் ஓடும் சத்தம். பிறகு அபாய மணி. அவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

கடைசியில் யாரோ போனைத் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்; இருமல் கேட்டது.

"கண்ணு எரியுதுக்கா. அப்பவே எரிஞ்சுது. பேட்ஜ் கம்முனு இருக்கே, தூசின்னு நெனச்சு நின்னுட்டேன்."

"கண்ணைக் கசக்காதே! தண்ணியில கழுவிக்கிட்டே இரு. மத்தவங்க?"

"எல்லாரும் வெளிய வந்தாச்சு. ஆம்புலன்ஸ் வருது."

"என் தப்புடா. தாளைக் காயவைக்காமக் குடுத்துட்டேன்."

குழாய்த் தண்ணீர் கொட்டியது.

"காயவைக்கலயா? நான் ஈரத்துண்டை நாற்காலியில போட்டா வீட்டையே ரெண்டாக்குவே! நீயெல்லாம் ஒரு..." இருமினான். "...சயின்டிஸ்ட்டு!"

அவன் திட்டுகிற வரை மூச்சு ஓடுகிறது என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். அடுத்த இருமல் வரச் சற்று நேரமானது.

"இன்னும் திட்டுடா," என்றாள். "நிறுத்தாதே."