பின்சீட்டை யாருக்காகச் செய்தார்கள்?

என் இடது கண்ணுக்கு ஒப்பரேஷன் செய்ய மாத்தளை ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். வலது கண் எப்போதோ புகை மூடிவிட்டது. அன்றைக்குப் போகாவிட்டால் அடுத்த தவணை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? இப்போதே களை பிடுங்கப் போனால் நெல்லையும் சேர்த்துப் பிடுங்குகிறேன் என்று வயல்காரர் முணுமுணுக்கிறார். இன்னும் மங்கினால் என்னை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

சொல்லி வைத்தாற்போல் எங்கள் ஊர் பல்லேகமையில் அன்று காலை பஸ் வரவில்லை. பழுதாம்.

"நான் கொண்டுபோய் விடுறேன் அக்கா" என்றான் என் தம்பி ஷியாம்.

அவனுடைய பழைய பைக்கில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். சரி என்றேன். அவன் உருட்டிக்கொண்டு வந்தது வேறு ஒன்று. மாத்தளையில் றினோஸ் என்ற கடைக்காரரிடம் பழையதைக் கொடுத்து மாற்றியிருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். தண்ணீர் குடிக்கக் குனிந்த மாட்டைப் போல, முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது அது.

"நான் எங்கடா உட்கார்றது?"

"அந்தா, பின்னால."

உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்பொஞ்சுத் துண்டு, என் இடுப்பு உயரத்துக்கும் மேலே. பிடிக்கக் கம்பி இல்லை. எங்கள் பக்கம் சேலை கட்டியவள் இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கப்போட்டுத்தான் உட்காருவாள். அதற்காகவே எல்லா பைக்கிலும் சேலை சிக்காமல் ஒரு கம்பி வலை, கால் வைக்க ஓர் இரும்பு மிதி போட்டிருப்பார்கள். இதில் இரண்டும் கிடையாது.

"ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்க."

"சேலையோடவா? கோயிலுக்குப் போற சனம் பார்த்துச் சிரிக்கவா? நீ சும்மா ஓட்டு."

ஒரு பக்கமாகவே ஏறி, அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ரோடு ஏற ஏற, குழிக்குக் குழி என் முதுகெலும்பு கழன்றது.

"ஏன்டா இது கல்லு மாதிரி இடிக்குது?"

"ரேஸ் பைக் அக்கா. ரேஸ்ல ஓட்டுறதுக்கே லைட்டும் நம்பரும் பூட்டி ரோட்டுக்கு விட்டிருக்காங்க. ஸ்ப்ரிங் இறுக்கமா இருந்தாத்தான் வேகமா வளையும்போது ஆடாது. ஹேண்டில் பதிவா இருந்தாத்தான் காத்து தலைக்கு மேலால போகும்."

"ரேஸ்ல பின்னால யாரு உட்கார்றது?"

"யாரும் இல்ல."

"அப்ப இந்தச் சீட்டு யாருக்கு?"

அவன் கியரை மாற்றினான். அவனுக்கும் தெரியாது போல.

ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லொறி வந்தது. ஷியாம் மெதுவாக்கி ஹேண்டிலை ஒடித்தான். அது கொஞ்சம் திரும்பி, அதற்கு மேல் மாட்டேன் என்று நின்றது. படுத்துக்கொண்டு பறப்பவனுக்கு ஹேண்டில் அதிகம் திரும்பத் தேவையில்லையாம். லொறிக்கு வழிவிட்டு ஊர்கிறவனுக்கு? கீச்சென்று கத்தினால்தான் அந்த எஞ்சினுக்குப் பலம் வரும். மெதுவாக ஏறியதில் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. என் பாரம் முழுக்க இடது பக்கம். வண்டியும் அந்தப் பக்கமே சாய்ந்தது.

என் கால்கள் அந்தப் பக்கம் இருந்ததால் நான் நின்றபடி இறங்கினேன். தம்பிதான் வண்டிக்கு அடியில் கிடந்தான். சேலை ஓரம் சங்கிலியில் கடிபட்டிருந்தது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் என்னையும் சேர்த்து இழுத்திருக்கும்.

லொறிக்காரர் இறங்கி வந்து அவனைத் தூக்கிவிட்டார். அவனுக்கு முழங்கை சிராய்ப்பு, அவ்வளவுதான். நின்று சண்டை பிடிக்க நேரமில்லை. சேலையைக் கிழித்து எடுத்தேன். வயலில் இறங்கும்போது செய்வதுபோல் தூக்கிச் செருகி, இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறினேன். இறக்கத்தில் அவன் பிரேக் பிடிக்கப் பிடிக்க, அவன் முதுகில் மூட்டை மாதிரி விழுந்துகொண்டே மாத்தளை போய்ச் சேர்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் சந்திரகாந்தா என்ற நர்ஸ் என் கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னாள். "பிரஷர் கூட இருக்கு. இப்படி இருந்தா டொக்டர் கண்ணைத் தொட மாட்டார். கொஞ்சம் இருங்க, இன்னொரு தடவை பார்ப்போம். இறங்கலன்னா இன்னொரு நாள்தான்."

நேரத்துக்கு வந்தும் இப்படியா?

"கோவப்படாதீங்க அக்கா, மூச்சை இழுத்து விடுங்க" என்றான் ஷியாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நர்ஸ் மறுபடி பார்த்தாள். இன்னும் ஏறியிருந்தது.

"என்ன சவரியம்மா, மனசுல என்ன?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்டாள்.

அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி, தமிழில் பாதி, எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ரேஸ்ல புறப்பட்ட இடத்துக்கே சுத்தி வாரவனுக்குச் செஞ்ச வண்டி மிஸ்ஸி! நாங்க ஒரு இடத்துக்குப் போகணுமே! காத்துக்கு வழி விட்டிருக்கான், பொம்பளைக்கு ஒரு மிதி வைக்கல. பின்னால ஆள் இல்லன்னா சீட்டு எதுக்கு? ஆள் உண்டுன்னா பிடிக்கக் கம்பி எங்க? செஞ்சவன் அவன் அக்காவ அதுல ஏத்திப் பார்த்தானா? இந்த மடையன் அதைப் போய் மாத்திக்கிட்டு வாரான், ரெக்கை முளைச்ச மாதிரி!"

வாங்குப் பலகையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷியாம் ஹெல்மெட்டை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மூச்சு வாங்கியது. பிறகு தோள் இரண்டும் தானாகத் தளர்ந்தன.

சந்திரகாந்தா சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருக்கவைத்து, மறுபடி பட்டியைச் சுற்றினாள்.

"இறங்கிருச்சு. உள்ள வாங்க."

முகத்தில் துணி போட்டார்கள். அசையக் கூடாது, பேசக் கூடாது என்றார் டொக்டர். அந்தப் பின்சீட்டைப் பற்றி இன்னும் பாதி மிச்சம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். கண் வேண்டுமே.