நாலு முளைக்குள் நின்ற சோளம்

பெரம்பலூர்ப் புள்ளியியல் ஆபீஸில் நான் வெறும் சாமிதுரை. சனிக்கிழமை மட்டும் அரியலூர் தனியார் கல்லூரி ஒன்றில் பகுதிநேரப் பொருளாதாரப் பேராசிரியர். அந்த ஒரு நாள் மரியாதைக்காக மற்ற நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எண்பத்திரண்டில் மழை இல்லை. குன்னம் பக்கம் சோளம் எவ்வளவு விளைந்தது என்று நான் எழுதி அனுப்புவதை வைத்துத்தான் அந்தப் பகுதி வறட்சிப் பட்டியலில் சேரும், நிவாரணம் கிடைக்கும். குலுக்கலில் விழுந்த வயலில் ஐந்து மீட்டர் சதுரத்துக்கு நாலு முளை அடித்துக் கயிறு கட்ட வேண்டும். முற்றியதும் நாமே போய் அறுத்து எடை போட வேண்டும். பாவாடை என்பவருடைய வயலில் முளை அடித்துவிட்டு, “நான் வர்ற வரைக்கும் இதுல கை வைக்கக் கூடாது” என்று மிரட்டிவிட்டு வந்தேன். அறுக்க வேண்டிய நாளில் கல்லூரியில் தேர்வு மேற்பார்வைக்குக் கூப்பிட்டார்கள். ஓடினேன். படிவத்தில், நல்ல மழை பெய்த போன வருஷத்து எடையையே எழுதி அனுப்பினேன்: இரண்டு கிலோ நூறு கிராம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டு வாரம் கழித்து, வகுப்பில் இந்த முறையைத்தான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். குன்னத்திலிருந்து வரும் மலர்க்கொடி எழுந்தாள்.

“சார், எங்க வயல்லயும் அப்படி முளை அடிச்சிருக்காங்க. முளை அடிச்ச அன்னைக்கு நான் காலேஜ்ல இருந்தேன். சுத்தி எல்லாத்தையும் அறுத்துட்டோம். ஆபீசர்தான் இன்னும் வரலைங்க. வராட்டி எடையை எப்படி சார் எழுதுவாங்க?”

“வருவாங்க, உக்காரு.”

கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. திங்கட்கிழமை திருச்சியில் வறட்சிப் பட்டியலை முடிவு செய்யும் கூட்டம். என் இரண்டு கிலோவைப் பார்த்தால் பட்டியலிலிருந்து குன்னத்தை அடித்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் என்னை அடித்துவிடுவார்கள். பெரம்பலூர் பஸ்ஸில் இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தேன். முன் சீட்டில் மலர்க்கொடி. அவள் குன்னத்தில் இறங்கினாள். நானும் இறங்கிவிட்டேன்.

வெறும் கட்டாந்தரையில் அந்தச் சதுரம் மட்டும் நின்றது. பக்கத்தில் கம்போடு பாவாடை.

“வாங்க சார். நீங்க சொன்ன மாதிரி ஒரு கதிருல கை வைக்கல. மாடு வாய் வச்சுடக் கூடாதேன்னு நானும் பொண்டாட்டியும் மாத்தி மாத்தி காவலிருக்கோம்.”

மலர்க்கொடி அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அரிவாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

அறுத்தோம், தட்டினோம், பெட்டிக்கடைத் தராசில் போட்டோம். முந்நூறு கிராம். அதிலும் பாதி மணி பிடிக்காத சாவி.

நான் சொல்லச் சொல்ல, என் பையிலிருந்த புதுப் படிவத்தை மலர்க்கொடிதான் நிரப்பினாள்.

“தேதி என்னங்க சார் போடட்டும்?”

பழைய தேதி போட்டால், எடை எழுதியதில் பிழை என்று சொல்லி மேலே சமாளித்துவிடலாம். இன்றைய தேதி என்றால், முதல் படிவம் பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். வேலை நிலைக்காது, கல்லூரியும் வேண்டாம் என்றுவிடும். பாவாடை கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு, எதில் வைக்கிறோம் என்றுகூடக் கேட்காமல் காத்திருந்தார்.

“இன்னைக்குத் தேதி போடும்மா. திங்கக்கிழமை நானே திருச்சிக்குக் கொண்டுபோறேன்.”

எழுதினாள். அப்பாவின் விரலைப் பிடித்து ரேகை வைத்தாள். மை காய ஊதிவிட்டுப் படிவத்தை என்னிடம் நீட்டினாள்.

“அடுத்த சனிக்கிழமை கிளாஸ் உண்டுங்களா சார்?”

“தெரியலம்மா” என்றேன்.