இஸ்க்ராவின் காருக்கு நான்கு சக்கரங்கள்

செவ்வாய்க்கிழமை காலை குப்பை கொட்டக் கீழே இறங்கியபோதுதான் காரின் முன்கண்ணாடியில் அந்தச் சிவப்புத் தாளைப் பார்த்தேன். நகராட்சிக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கைவிடப்பட்ட வாகனமாம். பதினான்கு நாட்களுக்குள் இந்த இடத்தைவிட்டு நகராவிட்டால் உடைப்பதற்குத் தூக்கிப்போவார்களாம். அதற்கு ஒரு சாண் தள்ளி, கண்ணாடியின் உட்புறத்தில், நான் ஒட்டிய தாள் இருந்தது. கறுப்புக் கரை, மேலே சிலுவை, நடுவில் என் மனைவி இஸ்க்ராவின் படம், கீழே நாற்பதாம் நாள் பிரார்த்தனைக்கான அழைப்பு. இரண்டு தாள்களையும் ஒருமுறை படித்தேன். பிறகு குப்பையைக் கொட்டிவிட்டு மேலே போய்விட்டேன். மனதில் ஒன்றும் தோன்றவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

எங்கள் பக்கம் யாராவது செத்தால் தாள் அடித்து ஒட்டுவது வழக்கம். செத்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, அரை வருடத்துக்கு ஒன்று. நாற்பதாம் நாளுக்கு அச்சகத்தில் முப்பது தாள் கொடுத்தார்கள். வீட்டு வாசல், லிஃப்ட், எலுமிச்சங்காய் அளவுகூட நிழல் தராத முற்றத்து மரம், அவள் வேலை பார்த்த மருத்துவமனை வாசல், டிராம் நிறுத்தம் என்று ஒட்டி முடித்தும் கையில் ஒன்று மிஞ்சியது. அவள் காரில் ஒட்டினேன். அந்த நாட்களில் கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது, நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சிவப்புத் தாள் வந்த ஐந்தாம் நாள் காலையில் கார் நான்கு நடைபாதைக் கற்களின்மேல் உட்கார்ந்திருந்தது. நான்கு சக்கரமும் போயிருந்தன. கீழ்வீட்டு ஸாப்ரியான் கண்ணாடியைத் தட்டிக்காட்டினான்.

"யோவ் வெலிச்கோ, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஓட்டுறவ செத்துட்டா, இனிமே இந்த வண்டிய யாரும் எடுக்க மாட்டாங்கன்னு போட்டோ போட்டு ஒட்டி வெச்சிருக்கியே! சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறதுன்னா இதுதான்."

"ஆமா," என்றேன்.

"என்ன ஆமா?"

"நீ சொல்றது சரிதான்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். இருபத்திரண்டு வருடமாக நாங்கள் இருவரும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போட்டுவந்தவர்கள்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தாலிக்காரன் செய்த இரண்டு கதவு வண்டி, நீலம், தரையோடு தரையாகத் தவழும். இஸ்க்ரா அதை வாங்கியபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. அன்று நான் குளிர்காலத்துக்கு மிளகாய் சுட்டு ஊறப்போட இருபது கிலோ வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வாசலில் இது நிற்கிறது, உள்ளே இவள் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அறுவை அறையில் மயக்க மருந்துப் பிரிவில் நர்ஸ் அவள். "நாள் பூரா ஊரையே தூங்க வெக்கிறேன், சாயங்காலம் நானாவது முழிச்சுக்க வேணாமா?" என்றாள். மிளகாய் மூட்டை பின்சீட்டில் ஏறவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. முப்பத்தோரு வருடமாக டிராம் ஓட்டுகிறேன். டிராமில் திருப்புவதற்கு ஸ்டியரிங் கிடையாது; தண்டவாளம் போகிற இடத்துக்கு நாமும் போகவேண்டியதுதான். இஸ்க்ரா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மார்ச் மாதம் ஒரு நாள் காரை வீட்டில் விட்டு டிராமில் வேலைக்குப் போனாள்; வேலை முடிந்து உடை மாற்றும் அறையில் ஷூவைக் கழற்றக் குனிந்தவள் நிமிரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மருத்துவமனைக்குள்ளேயே விழுந்தும் பயனில்லை.

சிவப்புத் தாளின் பதினான்கு நாட்களில் பதினொன்று அப்படியே போயிற்று. காலை டிராம், மாலை வீடு, தக்காளி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, ரொட்டி, தூக்கம். போகும்போதும் வரும்போதும் காரைத் தாண்டித்தான் நடந்தேன். தூக்கிப்போகட்டுமே என்று நினைத்தேனா? அதுகூட இல்லை. சனிக்கிழமை மாலை ஸாப்ரியான் கதவைத் தட்டினான்.

"செவ்வாக்கிழம கிரேன் வரும். தெரியுமா?"

"தெரியும்."

"தூக்கிட்டுப் போய் நசுக்கி இம்புட்டூண்டு டப்பாவா ஆக்கிருவானுங்க. அதுவும் தெரியுமா?"

நான் அவன் கைகளைப் பார்த்தேன். ரொட்டித் தட்டு அளவுக்கு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த அளவுக்குள் அந்த நீலம் எப்படி அடங்கும் என்று யோசித்தேன். "சரி, சக்கரம் வாங்கலாம்," என்று என் வாய் சொன்னது.

என்ன அளவு என்று எனக்குத் தெரியாது. வண்டியின் பதிவுத் தாளில் இரண்டு டயர் அளவுகள் இருந்தன, போல்ட் துளைகளின் அளவு இல்லை. பணிமனையில் தேய்மானம் பார்க்க நாங்கள் செய்கிற வேலையைச் செய்தேன். வெள்ளைக் காகிதம் ஒன்றைச் சக்கரம் மாட்டுகிற ஹப்பின்மேல் வைத்து, அசையாமல் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். ஐந்து துளையும் நடு வட்டமும் காகிதத்தில் பதிந்து வந்தன. மடிக்காமல் அட்டைக்கு நடுவில் வைத்து ஞாயிற்றுக்கிழமை பழைய பாகங்கள் சந்தைக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் ஸாப்ரியான் ஒரே பாட்டு.

"உன் சக்கரத்த நீயே காசு குடுத்து வாங்கப்போற பாரு. இங்க எல்லார் கதையும் அதான்."

அப்படி நடந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவளுடைய வலது முன்சக்கரத்தில் ஒரு கீறல் உண்டு, மருத்துவமனை வாசல் திட்டில் உரசியது. வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கான கீறல்கள் இருந்தன. எதுவும் அவளுடையதில்லை.

செவ்தா என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், கப்பல் பெட்டி ஒன்றைக் கடையாக்கி அலாய் வீல்களைக் கூரை வரை தொங்கவிட்டிருந்தாள். சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே என் காகிதத்தை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

"அட, இவ்ளோ அழகா வரைஞ்சிருக்கீங்களே அண்ணே. சர்ச்சுல மாட்டலாம்."

பிறகு ஒரு கறுப்பு வீலை இறக்கி, என் காகிதத்தை அதன் நடுவில் ஒட்டிவைத்துக் காட்டினாள். ஒரு துளை பொருந்தியது. எதிர்ப்பக்கத் துளைகள் மயிரிழை தள்ளி நின்றன.

"இது நூறு மில்லிமீட்டர் வட்டம். உங்களுது தொண்ணூத்தெட்டு. ரெண்டு மில்லிதானே? மொத போல்ட்ட முறுக்குனா மத்ததெல்லாம் தானா வழிக்கு வந்துரும். ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் ஓட்டுறான்."

"அதானே! பாத்தா தெரியவா போகுது?" என்றான் ஸாப்ரியான்.

"வேணாம்," என்றேன்.

"ஏன்யா? வண்டி நகந்தாப் போதும்னுதானே சொன்னான்?"

"வேணாம்."

எங்கள் ஊரில் டிராம் தண்டவாளம் இரண்டு அகலத்தில் உண்டு. நான் ஓட்டுவது குறுகிய பாதை, ஆயிரத்து ஒன்பது மில்லிமீட்டர். ஆயிரம் இல்லை, ஆயிரத்து ஒன்பது. அந்த ஒன்பதை விட்டுவிட்டு யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்த சக்கரம் வளைவில் என்ன சத்தம் போடும் என்று என் முதுகெலும்புக்குத் தெரியும். இதையெல்லாம் அவர்களிடம் விளக்கவில்லை. செவ்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு விதைத் தோலைத் துப்பினாள்.

"சரி, வேணாம்னா வேணாம். வண்டி எது, ரெண்டு கதவு கூபேவா? பிரேக்கப் பிடிக்கிற அந்தக் கவ்வி சிவப்பா இருக்குமே, பாத்தீங்களா?"

"சிவப்புதான்."

"அப்போ பதினஞ்சு அங்குலம் ஏறாது, கவ்வியில இடிக்கும். பதினாறுதான்." ஏணியில் ஏறினாள். துளையும் சரி, அளவும் சரி என்று கடைசியில் இரண்டே வகைதான் மிஞ்சின. ஒன்று சாம்பல் நிறம், ஐந்து தடித்த கம்பிகள். மற்றது வெள்ளை, மெல்லிய கம்பிகள், கொஞ்சம் ஆட்டக்காரி மாதிரி. இரண்டையும் தரையில் என் முன்னால் சாய்த்து வைத்தாள்.

"எது?"

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"யாரு ஓட்டுற வண்டி? உங்களுதா?"

"என் சம்சாரத்தோடது."

"அப்போ அவங்களுக்கு என்ன புடிக்கும்னு சொல்லுங்க. போன் போட்டுக் கேளுங்களேன்."

ஸாப்ரியான் பக்கத்துக் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் சொன்னேன், மார்ச் மாதம் போய்விட்டாள் என்று. செவ்தா கையிலிருந்த விதையைப் பையில் போட்டாள். "ஆண்டவன் அவங்கள மன்னிக்கட்டும்," என்றாள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எதற்காக மன்னிக்க வேண்டும் என்று யாரையும் நான் இதுவரை கேட்டதில்லை.

இரண்டு வீல்களையும் மறுபடி பார்த்தேன். இருபத்தேழு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். காப்பிக்கு எவ்வளவு சர்க்கரை, எந்தத் தோளில் வலி, எந்த அத்தையோடு பேச்சில்லை என்று எல்லாம் தெரியும். சாம்பலா வெள்ளையா என்று தெரியவில்லை. மனதுக்குள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அங்கே யாரும் இல்லை, விளக்கணைத்த கடை மாதிரி இருந்தது. துக்கமாகவும் இல்லை. ஈறில் ஊசி போட்டுவிட்டுப் பல்லைப் பிடுங்கும்போது, பல் போவது தெரியும், வலி தெரியாது. அப்படித்தான் இருந்தது.

"எதுல ஆட்டமில்லாம நிக்கும்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் நிக்கும் அண்ணே. நடுத்துளையும் சரியா இருக்கு."

"வெள்ளை," என்றேன். ஏன் என்று தெரியாது. விலை பேசியது ஸாப்ரியான்.

அன்று மாலையே ஜாக்கி வைத்து நாங்கள் இருவரும் மாட்டினோம். பேட்டரி செத்துக் கிடந்ததால் இன்ஜின் உறுமவில்லை. ஆனால் கார் கற்களிலிருந்து இறங்கித் தரையில் நின்றது. வெள்ளைச் சக்கரங்கள் அந்த நீலத்துக்குப் பொருந்தியதா இல்லையா என்று ஸாப்ரியான் அவன் மனைவியோடு ஜன்னல் வழியாகச் சண்டை போட்டான். நான் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குக் கிரேன் வந்தது. கூட வந்த நகராட்சிக்காரனுக்கு முப்பது வயதிருக்கலாம், மரியாதையான ஆள். சக்கரங்களைப் பார்த்தான், கண்ணாடியிலிருந்த சிவப்புத் தாளைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"சக்கரம் மாட்டிட்டீங்க, சந்தோஷம் சார். ஆனா வண்டி இடத்த விட்டு நகரணும். நான் படம் எடுத்து அனுப்பணும். இல்லாட்டி நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

"நகரும், நகரும்," என்றான் ஸாப்ரியான். "நான் உள்ள உக்காந்து ஸ்டியரிங்க பிடிச்சிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் தள்ளுங்க."

கதவைத் திறந்தான். அவன் நல்ல ஆகிருதி, தொப்பை வேறு. இஸ்க்ரா என் தோளுக்குக்கூட வரமாட்டாள். சீட்டை முன்னால் தள்ளித் தள்ளி, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி உட்கார்ந்துதான் ஓட்டுவாள். மார்ச் மாதம் கடைசியாக அவள் இறங்கியபோது எங்கே இருந்ததோ அங்கேயே சீட் இருந்தது. அவள் உடைகளைக் கொடுத்தாயிற்று, கட்டிலை அவள் தங்கை கேட்டு எடுத்துப்போனாள், குளியலறையில் என் சோப்பு மட்டும்தான் இருக்கிறது. அவள் உடம்பு அளவுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த இடைவெளி ஒன்றுதான். ஸாப்ரியான் ஒரு கால் உள்ளே வைத்து, குனிந்து, சீட்டுக்கு அடியில் நெம்புகோலைத் துழாவினான்.

"தொடாத!"

குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம். கிரேன்காரன் சிகரெட்டைக் கீழே போட்டான். ஸாப்ரியான் அப்படியே குனிந்த வாக்கில் நின்றான்.

"என்னய்யா?"

"சீட்டத் தொடாத. பின்னால தள்ளாத. கையை எடு ஸாப்ரியான், கையை எடு!"

பயம். இரண்டு மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான், பச்சைப் பயம். ஸாப்ரியான் உள்ளே பார்த்தான், சீட்டையும் ஸ்டியரிங்கையும் பார்த்தான், பிறகு மெல்லக் காலை வெளியே எடுத்தான். வண்டியின் பின்பக்கம் போய்க் கைகளை ஊன்றினான். நகராட்சிக்காரனும் அவன் பக்கத்தில் போய் நின்றான்.

நான் திறந்த கதவுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்று, சாவியைத் திருப்பி, கைப்பிரேக்கை இறக்கி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் முறை. கனமாக இருந்தது. அவர்கள் தள்ளினார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு சக்கரங்கள் ஒரு பெருமூச்சோடு உருள ஆரம்பித்தன. ஆட்டமில்லை, உரசலில்லை. கார் நடைவேகத்தில் போயிற்று, நான் அதன் பக்கத்தில் நடந்தேன், என் முழங்கைக்குக் கீழே அந்தச் சீட் யாருமில்லாமல் என்னோடு வந்துகொண்டிருந்தது. குப்பைத் தொட்டியைத் தாண்டினோம், மரத்தைத் தாண்டினோம்.

"போதும் சார்!" நகராட்சிக்காரன் மூச்சிரைக்கக் கத்தினான். "நகந்துருச்சு, போதும், நிறுத்துங்க!"

முற்றம் இன்னும் நீளமாக இருந்தது. நான் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன். வண்டி திரும்பியது.