நிலா போட்ட தும்மல்

எங்கள் ஜாஸ் குழுவில் டிராம்போன் என்ற நீளக் குழலை ஊதிய எஸ்ரா மேஹ்யூவின் வேலை ஒரு தும்மலில் தொங்கிக்கொண்டிருந்தது. காரணம், எங்கள் தலைவர் தாடியஸ் பர்னெல் கழுத்தில் கொட்டிக்கொள்ளும் ஊதாப்பூ வாசனைப் பவுடர். அவர் கிளாரினெட்டோடு முன்னால் நிற்பார். எஸ்ரா அவருக்கு நேர் பின்னால். தலைவர் ஆட ஆட, பவுடர் விடிகாலைப் பனிபோல் எழுந்து எஸ்ராவின் மூக்கை நோக்கி மிதந்து வரும். நான் பியானோவோடு ஓரத்தில் இருந்ததால் தப்பித்தேன். நியூயார்க்கில் எங்கள் ஹார்லெம் பேட்டை முழுக்கத் தெரிந்த இந்த விஷயத்தை அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை. ஒருமுறை சொல்லிப் பார்த்த டிரம்காரனை அவர் பிலடெல்பியாவில் ரயிலைவிட்டு இறக்கிவிட்டார்.

எஸ்ரா ஒரு கல்யாணத்தில் தும்மினான். பாதிரியார், யாரோ ஆட்சேபிக்கிறார்கள் என்று நினைத்துக் கல்யாணத்தை நிறுத்திவிட்டார். பிறகு வானொலியில் தும்மினான். அன்று பர்னெல் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இன்னொரு தடவை தும்மினே, தம்பி, டிராம்போனைத் தூக்கிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயிடு. சொல்லிக்கிட்டுகூடப் போக வேணாம்." செவன்த் அவென்யூவில் வாத்தியப் பெட்டியோடு வேலை தேடி நின்றவர்கள் அந்த வருடம் அதிகம். எஸ்ரா மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழக் கற்றுக்கொண்டான்.

அப்போதுதான் பிராட்வேயில் இருந்த ஒரு கார்ட்டூன் கம்பெனி எங்களைக் கூப்பிட்டது. கறுப்பர்கள் என்பதால் சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் எங்களை மேலே கொண்டுபோனார்கள். எங்கள் ஆளுயர டபுள் பாஸ் வாத்தியத்தைத் தனியாக அனுப்பியிருந்தால் முன்வாசல் லிஃப்டில் போயிருக்கும் என்று எஸ்ரா முணுமுணுத்தான்.

அங்கே முதலில் நாங்கள் வாசிக்க, அதை பிலிமில் பதிவு செய்வார்கள். பிறகு அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி அவர்கள் படம் வரைவார்கள். பர்னெல் கண்ணை மூடி ஓர் உச்ச ஸ்வரத்தைப் பிடித்தார். பிடித்தபடியே இடுப்பை அசைத்தார். பனி எழுந்தது. எஸ்ராவின் முகம் சுருங்கி விரிவதைப் பார்த்தேன். கடைசி நொடியில் அவன் தும்மலை டிராம்போனுக்குள்ளேயே விட்டான். கிணற்றுக்குள் விழுந்த மாடு மன்னிப்புக் கேட்பது போல ஒரு சத்தம் வெளியே வந்தது.

தன் ஸ்வரத்தைத் தவிர வேறெதுவும் கேட்காத பர்னெல் கண்ணைத் திறந்து, இதுதான் சரியாக வந்தது, இனி யாரும் இதைத் தொடக்கூடாது என்றார்.

தெருவில் எஸ்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு, தும்மல் வெளியே கேட்டதா என்றான். கேட்கவில்லை என்றேன். பொய்க்கு என் முகம் ஒத்துழைக்கவில்லை.

மறுவாரம் நாங்கள் இருவரும், அந்தக் கம்பெனியில் படம் வரையும் மெண்டல் கேப்லோவைத் தேடிப் போனோம். மெண்டல் கண்ணாடி முன் உட்கார்ந்து, ஆடு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். அவர் வரையும் கார்ட்டூன் கதையில், வீட்டைவிட்டு ஓடிவந்த ஓர் ஆடு நிலா வெளிச்சத்தில் நடந்து போகிறது. வழியில் மரம், வேலி, கல்லறை எல்லாமே முழங்கால் மடக்கி ஆடுகின்றன. அந்த ஊரில் சும்மா நிற்பதற்கு எதற்கும் உரிமையில்லை.

எஸ்ரா விஷயத்தைச் சொன்னதும் மெண்டலின் முகம் மலர்ந்தது. "அப்பாடா, தும்மலா அது? ரெண்டு நாளா பிலிமை உருட்டி உருட்டிக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அதை அழித்துவிடும்படி எஸ்ரா கெஞ்சினான். அழித்தால் தலைவரின் உச்ச ஸ்வரமும் சேர்ந்து போய்விடும் என்றார் மெண்டல். சும்மா விட்டுவிடலாமே என்றேன்.

"அதெப்படிம்மா விடறது? சத்தம் கேட்டா, அதைப் போட்டது யாருன்னு திரையில தெரியணும். எங்க முதலாளி சட்டம்."

"அப்ப யார் தலையிலயாவது கட்டிடுங்க, சார்," என்றான் எஸ்ரா. "டிராம்போன் பக்கம் மட்டும் திரும்பிடாதீங்க."

மெண்டல் பென்சிலைக் கடித்தபடி படங்களைப் புரட்டினார். ஆடாமல் அசையாமல் சும்மா இருந்தது நிலா ஒன்றுதான்.

படம் வெளிவந்த அன்று லெனாக்ஸ் அவென்யூ தியேட்டரில் பகல் காட்சி. பர்னெல் புது சூட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கிளாரினெட்டை ஓர் ஆந்தை வாசித்தது. ஆந்தைக்குக் காலர் இல்லையே என்பது மட்டும்தான் அவர் குறை. உச்ச ஸ்வரம் வந்தது. நிலாவின் மூக்கு துடித்தது. நிலா தும்மியது. வானத்து நட்சத்திரங்கள் அத்தனையும் பொலபொலவென்று உதிர்ந்தன. ஆடு அவற்றைப் பொறுக்கிச் சோளப்பொரி மாதிரி தின்றது. தியேட்டர் சிரித்த சிரிப்பில் ஆந்தையின் வாசிப்பு ஒருவர் காதிலும் விழவில்லை. எஸ்ரா நாற்காலிக்கடியில் பாதி இறங்கிவிட்டான்.

விளக்கு போட்டதும் ஜனங்கள் அந்தத் தும்மலை இன்னொரு முறை போடச் சொல்லிக் கத்தினார்கள். பர்னெல் எழுந்து நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டார். அந்த யோசனை தன்னுடையது என்று மேனேஜரிடம் சொன்னார். பிறகு எஸ்ராவின் காதருகே குனிந்தார்: "அது யாருன்னு எனக்குத் தெரியும். சனிக்கிழமை பால்ரூம் டான்ஸ்ல, பாட்டுல அதே இடத்துல, அதே மாதிரி தும்மணும்."

சனிக்கிழமை நிற்க இடமில்லை. புகழுக்குத் தகுந்தபடி இருக்க வேண்டுமென்று பர்னெல் பவுடரை விட்டுவிட்டு, வாசனையே தெரியாத விலையுயர்ந்த ஏதோ ஒன்றைத் தடவிக்கொண்டு வந்திருந்தார். அந்த இடம் வந்தது. எல்லோரும் நிறுத்தினோம். எஸ்ரா விளக்கை வெறித்தான், மூக்கு மயிரைப் பிடுங்கினான். கண்ணில்தான் தண்ணீர் வந்தது. பாட்டைச் சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வந்தோம். மறுபடி ஒன்றுமில்லை. கூட்டம் தரையை உதைத்தது.

"தும்முடா," என்றார் பர்னெல், உதடு அசையாமல். "இல்லேன்னா டிராம்போனைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போ."

எஸ்ரா ஒரு கணம் வாசலைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"உங்க பவுடர் இல்லாம எனக்கு வராது, சார். இத்தனை நாளும் அதாலதான் வந்துச்சு."

டிரம்பெட் நின்றது. நான் மட்டும் ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தேன். பர்னெல் கிளாரினெட்டைக் கீழே வைத்துவிட்டு மேடையைவிட்டு இறங்கி உள்ளே போனார். பிலடெல்பியா ரயில் எத்தனை மணிக்கு என்று யாரோ பின்னால் மெதுவாகக் கேட்டார்கள்.

திரும்பி வந்தபோது அவர் மாவில் புரட்டிய கோழிபோல் இருந்தார். தன் இடத்தை அவர் எட்டுவதற்குள் எஸ்ரா தும்மிவிட்டான், மேடை அதிர, வரவேண்டிய இடத்துக்கு வெகு முன்னால். உடனே இன்னொன்று. கூட்டத்தின் சிரிப்பு கூரையைப் பெயர்த்தது. பர்னெல் கையை உயர்த்தி, இரண்டுமே தான் சொல்லித்தான் வந்தது என்பது போல் தலையசைத்தார்.

எஸ்ராவின் வேலை நிலைத்தது. பவுடர் டப்பா இப்போது என் பொறுப்பில், பியானோ மேல் இருக்கிறது. தலைவர் ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் வந்து குனிந்து கழுத்தைக் காட்டுவார். இரண்டு நாளாக எனக்கும் மூக்கு அரிக்க ஆரம்பித்திருக்கிறது.