பின்னோக்கி ஓடிய முப்பது நொடி

பத்திலிருந்து பூஜ்யம் வரை எண்ணத் தெரிந்தால் போதும், இந்த வேலை யாருக்கும் வரும் என்றுதான் அண்ணியின் புருஷன் நினைத்துக்கொண்டிருக்கிறான். "நாலு நம்பர் எழுத ஒரு மாசமா?" என்று அவன் கேட்காத நாளில்லை. மேடை நிகழ்ச்சி தொடங்கும் முன் பெரிய திரையில் மீதி நேரத்தை எண்ணிக் காட்டும் கடிகாரப் படங்களைச் செய்வது அவள் தொழில். அரங்கில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். நாத்தனார் வார்த்தைக்கு வார்த்தை அப்படிக் கூப்பிடப்போய், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

நாத்தனார் கயிற்றில் தொங்கி ஆடுகிறவள். இரண்டு வருடத்துக்கு முன் யாரோ அவசரப்படுத்த, கொக்கி சரியாக மாட்டாமல் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டாள். இன்றுதான் மறுபடி ஏறுகிறாள். மேடை மேலாளர், ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி என்று சொல்லும் மனிதர், ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பூஜ்யம் வரும்போது அவள் கூரையிலிருந்து இறங்கவில்லை என்றால், பக்கவாட்டில் தயாராக நிற்கும் வேறொரு பெண் ஆடுவாள். அதோடு அந்த இடமும் அந்தப் பெண்ணுக்கே போய்விடும்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. பத்து நிமிடம். ஒவ்வொரு எண்ணும் மணலாய்ச் சரிந்து அடுத்த எண்ணாகக் கூடும். அழகாகத்தான் இருந்தது. நாலாயிரம் பேர் அண்ணாந்து பார்த்தார்கள். அண்ணி கட்டுப்பாட்டு மேசையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் பெருமையோடு நின்றாள்.

திரையில் ஐந்து நிமிடம் மீதி என்று வந்தபோது சும்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று ஐந்து ஆகியிருக்க வேண்டும். மூன்று நாலைத் தாண்டிப் பத்து நொடிதான் ஆகியிருந்தது.

மேசையில் படம் ஓடும் வேகத்தைத் திறந்து பார்த்தாள். படத்தை நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேமாகச் செய்திருந்தாள். அரங்கில் காலையில் மாற்றி வைத்த புது இயந்திரம் முப்பதாக ஓட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. ஒத்திகையில் கடைசிப் பத்து நொடியை மட்டும்தான் ஓட்டிப் பார்த்தார்கள். உலகத்தில் எந்தக் கடிகாரக்காரியும் அப்படித்தான் பார்ப்பாள். பத்து நிமிடம் முழுக்க உட்கார்ந்து எண் குறைவதை வேடிக்கை பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? பத்து நொடியில் ஒன்றரை நொடி குறைந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

ஆனால் பத்து நிமிடம் எட்டு நிமிடம் இருபது நொடியாகிவிடும். கூரையில் கொக்கி மாட்டுகிறவர்களுக்குத் திரையின் முதுகுதான் தெரியும். அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்து மாட்டுகிறவர்கள். அவள் ஏறி வர நாலைந்து நிமிடமும் மாட்ட நாலரை நிமிடமுமாக அவர்களுக்குப் பத்து நிமிடமும் வேண்டும். பூஜ்யத்தில் விளக்கு தானாக அணையும், பாட்டு தானாகத் தொடங்கும். கூரையில் பாதிக் கொக்கியோடு நாத்தனார் உட்கார்ந்திருப்பாள்.

"சார், கடிகாரம் வேகமா ஓடுது. கொஞ்சம் நிறுத்திக்கலாமா?"

சிடுமூஞ்சி திரும்பிப் பார்த்த பார்வையில் பச்சைத் தண்ணீர் கொதித்திருக்கும். "நிறுத்தறதா? நாலாயிரம் பேர் பாத்துட்டிருக்காங்க. கடிகாரம் நின்னா நம்ம மானம் போச்சு. மேல இருக்கறவங்கள சீக்கிரம் மாட்டச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் சார்! அவள மட்டும் அவசரப்படுத்தாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

என்ன பண்ணுவது? திரையில் நாலு நிமிடம் மீதி என்று வந்தது. உண்மையில் ஐந்து நிமிடம் மீதி. ஒரு நிமிடம் கடன். வேகத்தை மட்டும் சரிசெய்தால் அந்த ஒரு நிமிடம் எங்கே போகும்? திடீரென்று ஐந்துக்குத் தாவினால் குட்டு வெளிப்படும். அண்ணிக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. யோசித்தால் பயந்துவிடுவோம் என்று யோசிக்காமலே செய்தாள். வேகத்தை ஆறில் ஒரு பங்கு குறைத்து, படத்தைப் பின்னோக்கி ஓடவிட்டாள்.

நாலு நிமிடம், ஒரு நொடி. நாலு நிமிடம், இரண்டு நொடி. கீழே கிடந்த மணல் எழும்பிப் பழைய எண்ணாகச் சேர்ந்தது.

அரங்கில் எங்கோ ஒரு சிரிப்பு. பிறகு எல்லோரும். "மூணு! நாலு! அஞ்சு!" என்று ஏறுமுகமாகக் கத்தத் தொடங்கினார்கள். முப்பது வந்ததும் கூரையே அதிர்ந்தது. அதே நொடியில் அண்ணி படத்தை முன்னோக்கித் திருப்பினாள். திரையில் நாலு நிமிடம் முப்பது நொடி. கைக்கடிகாரத்திலும் அதே கணக்குதான் மிச்சம்.

சிடுமூஞ்சி அவள் நெற்றியில் வழிந்த வியர்வையை மட்டும் பார்த்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பூஜ்யம். விளக்கு அணைந்தது. பாட்டு எழுந்தது. ஒற்றை வெளிச்சத்தில் நாத்தனார் கூரையிலிருந்து தலைகீழாக, நிதானமாக இறங்கினாள். அண்ணிக்குக் கண் மங்கி அந்த ஆட்டத்தில் பாதி தெரியவில்லை. தெரிந்த பாதியே போதுமாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் நாத்தனார் பவுடரும் வியர்வையுமாக ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அண்ணி, மேல ஏறினதும் எனக்குக் கை கால் உதற ஆரம்பிச்சிடுச்சு. முதல் கொக்கியவே மாட்ட விடல. இறக்கி விடுங்க, என்னால முடியாதுன்னு அழுதுட்டேன். அவங்களும் சரி, கீழ சொல்லிடறோம்னுட்டாங்க."

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம்?"

"கீழ எல்லாரும் எண்ணறது கேட்டுச்சு. ஏறுமுகமா! நேரம் கூடிட்டே போகுது. அண்ணிக்கு எப்படியோ தெரிஞ்சிடுச்சு, எனக்காக நேரத்தக் கூட்டிக் குடுக்கறாங்கன்னு நெனச்சேன். சிரிப்பு வந்துடுச்சு. உதறல் நின்னு போச்சு. மாட்டுங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்கு ஒன்றும் தெரியாது, என் தப்பை மறைக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்ல அண்ணி வாயைத் திறந்தாள். சொல்லியும் விட்டாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

நாத்தனார் அண்ணியின் தோளில் ஒட்டியிருந்த தன் பவுடரைத் தட்டிவிட்டாள்.

"அப்ப நாளைக்கும் அதே தப்பப் பண்ணிடுங்க அண்ணி," என்றாள்.